பிரியாவுக்கு வந்த காய்ச்சல்

ஷா ஆலமில் பிளாஸ்டிக் கூடை செய்யும் தொழிற்சாலை ஒன்றில் ரமணி பாதுகாப்பு அதிகாரி. அவள் வருகிறாள் என்று தெரிந்தாலே காண்டிராக்டர்கள் ஹெல்மெட்டைத் தேடி ஓடுவார்கள். ஏணியில் ஏறி நிற்பவனை இறங்கச் சொல்லி, அவன் இடுப்புப் பட்டையை இழுத்துப் பார்த்து, “விழுந்தா யாரு புடிப்பா? ஆஸ்பத்திரிக்கு யாரு கொண்டு போவா? ஒன் பொண்டாட்டிக்கு யாரு போன் பண்ணுவா?” என்று வரிசையாகக் கேட்பாள். பதில் வராவிட்டால் வேலை நின்றுவிடும். லோரியோடு வாசலிலேயே திரும்பிப் போனவர்கள் உண்டு. முதுகுக்குப் பின்னால் அவளுக்கு ‘மேடம் ஸ்டாப்’ என்று பெயர். அது அவள் காதுக்கும் வந்துவிட்டது. உள்ளூர அதில் அவளுக்குப் பெருமைதான்.

அப்படிப்பட்ட ரமணிதான் கிள்ளானில் ஒரு மண்டபத்தில், ஞாயிற்றுக்கிழமை காலையில், நூறு பேர் முன்னால் ஒரு பொன்னாடையைப் போர்த்திக்கொண்டு வாயை மூடிக்கொண்டாள்.

விஷயம் இதுதான். பள்ளி ஆண்டிறுதி விடுமுறையில் பிள்ளைகளுக்கு மூன்று நாள் பண்புநெறி முகாம். நடத்துவது பண்புச்சுடர் மன்றம். மன்றம் என்றால் பரமேஸ்வரன் ஐயா; பரமேஸ்வரன் ஐயா என்றால் மன்றம். தமிழ்ப்பள்ளித் தலைமையாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். மண்டபத்தில் உட்கார்ந்திருந்த பெற்றோரில் பாதிப் பேர் அவரிடம் திருக்குறள் ஒப்பித்து அடி வாங்கியவர்கள். மீசை நரைத்தவர்கள்கூட அவர் எதிரே வந்தால் கையைக் கட்டிக்கொள்வார்கள். ரமணிக்கு ஆறாம் வகுப்பில் அறிவியல் சொல்லிக்கொடுத்தவர் அவர்தான். அவள் கல்யாணத்தில் முதல் ஆளாக அட்சதை போட்டவரும் அவர்தான்.

வருடா வருடம் மண்டபத்துக்குள்ளேயே நடந்த முகாமை, இந்த வருடம் செமினிப் பக்கம் நண்பர் ஒருவரின் பழத்தோட்டத்தில் நடத்தலாம் என்று ஐயாவுக்கு ஆசை வந்துவிட்டது. கைத்தொலைபேசியிலேயே கிடக்கிற பிள்ளைகள் மரத்தையும் ஆற்றையும் பார்க்கட்டுமே என்றார். நல்ல ஆசைதான். அவர் கவனமில்லாத ஆளும் இல்லை. முகாமுக்குச் சில வாரம் முன்பே ரமணிக்கு வாட்சப்பில் எழுதியிருந்தார்: ‘அம்மா ரமணி, நீ ஒரு எட்டு போய் அந்த இடத்தைப் பார்த்துச் சொன்னால் எனக்கு நிம்மதி.’

அவள் ‘சரிங்க ஐயா’ என்று எழுதி, இரண்டு கும்பிடும் போட்டாள்.

போகவில்லை. ஒரு சனிக்கிழமை தொழிற்சாலையில் தணிக்கை. அடுத்த சனிக்கிழமை பிரிக்ஃபீல்ட்சில் கணவன் வழியில் ஒரு கல்யாணம். அதற்கப்புறம் சனிக்கிழமையே மிச்சமில்லை. ஐயாவும் ‘போனாயா’ என்று கேட்கவில்லை. மாணவி சொன்னால் செய்வாள் என்று அவர் நினைத்தார். ஐயா கேட்கவில்லையென்றால் வேறு யாராவது பார்த்திருப்பார்கள் என்று இவள் நினைத்தாள். மரியாதை என்ற பெயரில் இரண்டு பேரும் ஒருவரையொருவர் கேட்காமலே விட்டார்கள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலை, முகாமுக்கான பெற்றோர் கூட்டம் ஆரம்பிப்பதற்கு முன்னால் அவரிடம் சொல்லிவிடுவது என்றுதான் அவள் வந்தாள். ஐயாவைச் சுற்றி ஆட்கள். சரி, முடிந்ததும் சொல்லலாம் என்று மூன்றாவது வரிசையில் போய் உட்கார்ந்தாள். அப்போதுதான் ஒலிபெருக்கியில் அவள் பெயரைக் கூப்பிட்டார்கள்.

நம் ஊரில் நிகழ்ச்சி என்றால் பொன்னாடை. ரத்ததானம் செய்தாலும் பொன்னாடை, நாற்காலி கொடுத்து உதவினாலும் பொன்னாடை, ஒன்றுமே செய்யாமல் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தாலும் பொன்னாடை. ஒரு ஆளைப் பேசவிடாமல் செய்ய இதைவிட மரியாதையான வழியை இதுவரை யாரும் கண்டுபிடிக்கவில்லை. தோளில் சரிகை விழுந்தவுடன் மனிதனுக்குக் கழுத்து ஒரு பக்கமாகச் சாய்ந்து, கை தானாகக் குவிந்துவிடுகிறது. ரமணிக்கும் அப்படித்தான் ஆனது. “என் மாணவி, இன்னிக்குப் பெரிய கம்பெனியில பாதுகாப்பு அதிகாரி” என்று ஐயா சொன்னபோது மண்டபமே கை தட்டியது. தொழிற்சாலையில் அவளுக்குக் கிடைப்பதெல்லாம் முணுமுணுப்பும் முறைப்பும்தான். கை தட்டல் இதுதான் முதல் தடவை. அவளுக்கு அது பிடித்திருந்தது. அதை மறைத்து என்ன ஆகப்போகிறது.

அந்த நேரத்தில்தான் பின்வரிசையிலிருந்து ஒரு பெண் எழுந்தாள். லோகேஸ்வரி. கிள்ளான் லிட்டில் இந்தியாவில் ஒரு துணிக்கடையில் வேலை செய்பவள். ஈப்போ பக்கமிருந்து கல்யாணமாகி வந்தவள், ஐயாவிடம் படித்தவளில்லை. கணவன் சிங்கப்பூரில் லோரி ஓட்டுகிறான். ஒரே மகள் லோஷினி. ரமணியின் மகள் பிரியாவோடு ஒரே வகுப்பு, ஒரே டியூஷன், ஒரே பெஞ்சு.

“மன்னிச்சிக்குங்க ஐயா. கேக்கலாமா?” என்று ஆரம்பித்தாள். “ஆறு இருக்குன்னு சொல்றீங்க. புள்ளைங்கள தண்ணியில எறக்குவீங்களா? எறக்கினா நீச்சல் தெரிஞ்ச பெரியவங்க எத்தன பேரு? ராத்திரி பொம்பளப் புள்ளைங்களோட யாரு படுப்பாங்க? அவங்கள உங்களுக்கு முன்னாடியே தெரியுமா? போன வாங்கி வச்சிக்கிறீங்க, சரி. புள்ளைக்கு ஒன்னுன்னா எங்கள எப்படிக் கூப்புடும்?”

மண்டபத்தில் சின்னச் சிரிப்பு ஓடியது. முன்வரிசையில் இருந்த ஜெயராஜ், மன்றத்துப் பொருளாளர், திரும்பிப் பார்த்து, “ஐயா முகாமுக்கே இவ்ளோ கேள்வியா லா? எங்க பசங்களாம் வருசா வருசம் போறாங்க” என்றார். லோகேஸ்வரி முகம் சிவந்தது. ஆனால் உட்காரவில்லை.

ரமணி தோளில் சரிகையோடு மேடையோரத்தில் நின்றிருந்தாள். அந்தப் பெண் கேட்டதில் ஒன்றுகூடத் தேவையில்லாத கேள்வி இல்லை என்று அவளுக்கு நன்றாகத் தெரியும். சொல்லப்போனால், அவளே கேட்டிருக்க வேண்டிய கேள்விகள். இன்னும் இரண்டு விட்டுப்போயிருந்தன: மலையில் மழை பெய்தால் யார் சொல்வார்கள், ஓட வேண்டி வந்தால் எந்தப் பக்கம் ஓடுவது.

ஐயா கோபப்படவில்லை. “நல்ல கேள்விம்மா, உக்காரு” என்றார். “இதுக்குத்தான் நானே ஆளப் போட்டுப் பாக்கச் சொன்னேன். ரமணி நேர்ல போயி எல்லாத்தையும் பாத்துட்டாங்க. இது அவங்க தொழிலு. என்னம்மா ரமணி, எல்லாம் சரிதான?”

நூறு முகங்கள் அவளைப் பார்த்தன. ‘இல்லைங்க ஐயா, நான் போகவில்லை’ என்று சொல்ல அரை நிமிடம் போதும். ஆனால் அந்தச் சரிகை இன்னும் தோளில் சூடு ஆறாமல் இருந்தது. ரமணி தலையாட்டினாள்.

லோகேஸ்வரி உட்கார்ந்துவிட்டாள். தேநீர் நேரத்தில் தேடி வந்து ரமணியின் கையைப் பிடித்துக்கொண்டாள். “தப்பா நெனச்சிக்காதீங்கக்கா. ஒத்தப் புள்ள, அவங்கப்பாவும் பக்கத்துல இல்ல. நீங்க பாத்துட்டீங்கன்னா எனக்கு அது போதும். பிரியாவும் வர்றாதான? அப்ப எனக்கு ஒன்னும் பயமில்ல.”

ரமணி அதற்கும் தலையாட்டினாள்.

வியாழக்கிழமை சாயங்காலம். மறுநாள் காலையில் பேருந்து. பிரியா பையில் துணி அடுக்கிக்கொண்டிருந்தாள். கணவன் முகுந்தன் துறைமுகத்தில் ஷிஃப்ட். ரமணி சோபாவில் உட்கார்ந்து, நாலு நாளாக ஒத்திப்போட்டதை அப்போதுதான் செய்தாள். கைத்தொலைபேசியில் அந்தத் தோட்டத்தைத் தேடினாள். யாரோ சுற்றிப் பார்க்கப் போனவர்கள் போட்டிருந்த படங்கள். ரம்புத்தான் மரங்கள், தகரக் கூரை போட்ட தங்குமிடம், அதை ஒட்டியே ஆறு. ஆற்றுக்கு மேலே செங்குத்தாக மலை. ஒரு படத்தில், சிரித்துக்கொண்டு நிற்கும் இரண்டு பேருக்குப் பின்னால், பாதி மறைந்து ஓர் அறிவிப்புப் பலகை தெரிந்தது. கெப்பாலா ஆயர் வரும் இடம், எச்சரிக்கை என்று மலாயில் எழுதியிருந்தது. கெப்பாலா ஆயர் என்றால் மலையில் பெய்த மழை திரண்டு ஒரே அடியாக இறங்கும் வெள்ளம். கீழே வெயில் அடித்துக்கொண்டிருக்கும்போதே வரும். டிசம்பர் மாதம் வேறு.

உடனே ஐயாவைக் கூப்பிட்டாள்.

“ஐயா, நான் ரமணி பேசறேன். அந்த முகாம் விசயமா...”

“சொல்லும்மா! ஒனக்கு ஆயுசு நூறு. இப்பத்தான் ஒன்னப் பத்திப் பேசினோம். அடுத்த வருசம் மன்றத்துக்குத் துணைத்தலைவியா ஒன்னையே போடலாம்னு. நீ பாத்துக் குடுத்த பிறகு பெற்றோருங்களுக்கு எவ்ளோ நம்பிக்கை தெரியுமா? கூடுதலா பிள்ளைங்க சேந்திருக்காங்க.”

“ஐயா...”

“என்னம்மா?”

அந்த இடத்தில் அவள் வாயிலிருந்து வந்திருக்க வேண்டியது வேறு. வந்தது இது: “பிரியாவுக்குக் காய்ச்சல்ங்க ஐயா. நாளைக்கு வர முடியாது.”

“அடடா. டெங்கியா இருக்கப்போவுது, கவனமா பாத்துக்கம்மா.”

போனை வைத்துத் திரும்பினால், பிரியா கையில் மடித்த சட்டையோடு நின்றிருந்தாள். பதினொரு வயது. எல்லாம் புரியும் வயது.

“எனக்குக் காய்ச்சலாம்மா?”

“ஆமா.”

பிரியா சட்டையைப் பையின் மேலேயே வைத்தாள். பிறகு, “அப்ப லோஷினி? அவளுக்கும் காய்ச்சல்னு சொல்லிடுங்கம்மா” என்றாள்.

“வாய மூடிக்கிட்டு உள்ள போ!” என்று ரமணி கத்தினாள். தொழிற்சாலையில்கூட அவள் அப்படிக் கத்தியதில்லை. பிரியா போய்விட்டாள். அதற்குப் பிறகு அன்றிரவு முழுக்க ரமணி போனில் லோகேஸ்வரியின் எண்ணை எடுப்பதும் வைப்பதுமாக இருந்தாள். என்ன சொல்வது? ‘நான் போகவில்லை, பொய்யாகத் தலையாட்டினேன்’ என்றா? காலையில் சொல்லலாம். காலையில் பேருந்து போய்விட்டது. ஒருவேளை ஒன்றும் ஆகாது, மூன்று நாள்தானே. தினமும் காண்டிராக்டர்கள் இதையேதான் அவளிடம் சொல்வார்கள். அவள் அவர்களைத் திட்டி அனுப்புவாள்.

சனிக்கிழமை மதியம் கிள்ளானில் நல்ல வெயில். ரமணி துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். லோகேஸ்வரி போனில் கூப்பிட்டாள்.

“அக்கா, குரூப் பாத்தீங்களா? ஆத்துல திடீர்னு தண்ணி வந்துருச்சாம். பெற்றோர் பதற வேண்டாம்னு போட்டிருக்காங்க. போன் யாருமே எடுக்க மாட்டேங்கிறாங்கக்கா. நான் கடையில இருக்கேன். எனக்கு வேற யாரையும் தெரியல. கொஞ்சம் கார்ல...”

“வரேன். வாசல்ல நில்லுங்க” என்றாள் ரமணி.

லோகேஸ்வரி கடைச் சீருடையோடே ஏறினாள். கையில் கைப்பை, ஒரு பிளாஸ்டிக் பை. நெடுஞ்சாலையில் ஏறும்வரை போனில் மாற்றி மாற்றி எண்களை அழுத்திக்கொண்டிருந்தாள். ஷா ஆலம் தாண்டியதும் மன்றத்துத் தொண்டன் ஒருவன் எடுத்தான். எல்லாரும் பத்திரம், சில பேர் மட்டும் எதிர்க்கரைப் பக்கம் ஏறிவிட்டார்கள், பொம்பா வந்துவிட்டார்கள் என்று சொல்லி, யார் அந்தச் சில பேர் என்று கேட்பதற்குள் வைத்துவிட்டான்.

“தீயணைப்புக்காரங்க வந்துட்டாங்கன்னா ஒன்னும் ஆகாதுல்லக்கா?”

“ஆகாது.”

“நீங்க பாத்தப்ப ஆறு ஆழமாவா இருந்துச்சு?”

ரமணி ஸ்டியரிங்கை இறுகப் பிடித்துக்கொண்டாள். இப்போது உண்மையைச் சொன்னால் இந்தப் பெண் உடைந்துபோய்விடுவாள் என்று தனக்குத்தானே ஒரு நியாயம் சொல்லிக்கொண்டாள். தன் மானத்தைக் காப்பாற்றத்தான் சொல்லவில்லை என்பதும் கூடவே தெரிந்தது. “மழ இல்லாதப்ப கொஞ்சமாத்தான் இருக்கும்” என்றாள்.

லோகேஸ்வரி நம்பி, மூச்சை விட்டாள். அப்புறம்தான் மடியில் கிடந்த பிளாஸ்டிக் பையைப் பார்த்தாள். “ஐயோ, இதயும் தூக்கிட்டு வந்துட்டேன். பப்பாளி எலைக்கா. எங்க பிளாட்டுக்குப் பின்னால மரம் இருக்கு. பிரியாவுக்குக் காய்ச்சல்னு ஐயா சொன்னாரு. டெங்கின்னா சாறு புழிஞ்சு குடுத்தா நல்லதுன்னு காலையில பறிச்சேன். கடை முடிஞ்சு உங்க வீட்டுல குடுக்கலாம்னு இருந்தேன்.” பையை முன்னால், கண்ணாடிக்குக் கீழே வைத்தாள். “பிளட் டெஸ்ட் எடுத்தீங்களா?”

“இன்னும் இல்ல.”

“எடுத்துருங்கக்கா. அசால்ட்டா விடாதீங்க.”

தன் பிள்ளைக்கு என்ன ஆயிற்று என்று தெரியாமல் போய்க்கொண்டிருப்பவள் அதைச் சொன்னாள். ரமணிக்குக் காரை ஓரம் கட்டிவிட்டு இறங்கி எங்காவது ஓடிப்போய்விட வேண்டும்போல இருந்தது. பச்சை இலை வாசனை கார் முழுக்கப் பரவியது. கண்ணாடியை இறக்கிப் பார்த்தாள். வாசனை போகவில்லை.

செமினி தாண்டித் தோட்டத்துச் சாலையில் திரும்பியபோது மலை தெரியாத அளவுக்கு மேகம். தங்குமிடத்தில் பிள்ளைகள் நனைந்த துணியோடு கும்பலாக உட்கார்ந்திருந்தார்கள். சில பிள்ளைகள் அழுதுகொண்டிருந்தார்கள். ஆறு பால் ஊற்றிய தேநீர் நிறத்தில், மரக்கிளைகளைச் சுருட்டிக்கொண்டு ஓடியது. பாறைகளில் விளையாட்டு என்று பிள்ளைகளை இறக்கிவிட்டிருந்தபோது தண்ணீர் வந்திருக்கிறது. கல்லூரிப் பையன்கள்தான் தொண்டர்கள். கையில் அகப்பட்ட பிள்ளையை இழுத்துக்கொண்டு ஓடியிருக்கிறார்கள். எதிர்க்கரையில் ஏறியவர்களைப் பொம்பா ஆட்கள் கயிறு கட்டிக் கொண்டுவந்துவிட்டார்கள். ஆனால் கடைசி நேரத்தில் சேர்ந்த பிள்ளைகளால் மொத்தம் எத்தனை பேர் என்பதே யாருக்கும் சரியாகத் தெரியவில்லை. ஒவ்வொரு பிள்ளையாக முகம் பார்த்து, பெயர் கேட்டு, கடைசியில் தெரிந்தது. ஒரு பிள்ளை இல்லை. லோஷினி இல்லை.

லோகேஸ்வரி அலறவில்லை. “எம்புள்ள எங்க?” என்று ஒவ்வொருவரிடமும் மெதுவாக, கடையில் துணி விலை கேட்பதுபோலக் கேட்டுக்கொண்டே போனாள். பரமேஸ்வரன் ஐயா ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில், வெள்ளை ஜிப்பா நனைந்து உடம்போடு ஒட்ட உட்கார்ந்திருந்தார். ரமணியைப் பார்த்ததும் அவர் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. பக்கத்தில் நின்ற பொம்பா அதிகாரியிடம் அவளைக் காட்டி, “இவங்கதான் சார், எடத்த செக் பண்ணவங்க” என்றார்.

அதிகாரி விறுவிறுவென்று வந்தார். மலாயில் கேட்டார். “மேடம், நீங்கள்தான் இடத்தைப் பார்த்தவரா? நல்லது. எதிர்க்கரையில் மேலே ஏறுகிற பாதை எங்கே இருக்கிறது? குழந்தை ஏறி ஓடியிருந்தால் எந்தப் பக்கம் போயிருக்கும்? அங்கே ஒதுங்க இடம் ஏதாவது உண்டா? இருட்டுவதற்குள் எங்கள் ஆட்களை அனுப்ப வேண்டும்.”

லோகேஸ்வரி ரமணியின் பக்கத்தில் வந்து நின்றாள். அவள் கண் ரமணியின் வாயையே பார்த்தது. அந்த வாயிலிருந்து வருகிற வழியில் தன் பிள்ளை கிடைத்துவிடும் என்று அப்படியே நம்பி நின்றாள்.

இந்த முறை தலையாட்ட வழியில்லை. வாய்க்கு வந்த ஒரு திசையைச் சொன்னால் ஆட்கள் அந்தத் திசையில் போய்விடுவார்கள்.

“தெரியாது” என்றாள் ரமணி மலாயில். “எனக்குத் தெரியாது. நான் இந்த இடத்தைப் பார்த்ததே இல்லை. இன்றைக்குத்தான் முதல் தடவை வருகிறேன்.”

அதிகாரி ஒரு நொடி அவளைப் பார்த்தார். திட்டவில்லை. அவருக்கு நேரமில்லை. தோட்டத்தைப் பார்த்துக்கொள்ளும் ஆளைக் கூட்டிவரச் சொல்லி ஓடினார். அந்த ஆள் வந்து, ஆற்றுக்கு மேலே ஒரு தொங்குபாலம் இருப்பதையும், அதைக் கடந்தால் தண்ணீர் இறைக்கும் பம்பு வைத்த தகரக் கொட்டகை ஒன்று இருப்பதையும் கையை நீட்டிக் காட்டினார். ஒரு தடவை வந்து நடந்து பார்த்திருந்தால் யார் கண்ணிலும் படுகிற பாலம்.

ஐயா நாற்காலியிலிருந்து எழுந்து நின்றிருந்தார். “நீ போகலியாம்மா?” என்று கேட்டார். வீட்டுப்பாடம் செய்யாத பிள்ளையிடம் கேட்கும் அதே குரல். ரமணி தலைகுனிந்தாள். அவர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். “நான் மறுபடி ஒரு வார்த்த ஒன்ன கேட்டிருக்கணும். கேட்டா, நம்பலன்னு நெனச்சிருவியோன்னு விட்டுட்டேன்” என்று சொல்லி உட்கார்ந்துவிட்டார்.

லோகேஸ்வரி மட்டும் இடத்தைவிட்டு அசையவில்லை. அவளுக்கு மலாய் நன்றாகத் தெரியும். மெல்ல மெல்ல ஒவ்வொன்றாக அவள் முகத்தில் சேர்வதை ரமணி பார்த்துக்கொண்டிருந்தாள். மண்டபம். தலையாட்டல். வியாழக்கிழமைக் காய்ச்சல்.

“அப்ப பிரியாவுக்கு?” என்றாள்.

“காய்ச்சல் இல்ல.”

அடித்திருந்தால் தேவலை. கத்தியிருந்தால், தலைமுடியைப் பிடித்து இழுத்திருந்தால் வாங்கிக்கொண்டிருக்கலாம். லோகேஸ்வரி அவளைவிட்டு நகர்ந்துபோய், ஆற்றங்கரையில் கட்டியிருந்த கயிற்றுக்குப் பக்கத்தில் தனியாக நின்றுகொண்டாள். ரமணி எங்கே நிற்பது என்று தெரியாமல் மழைத் தூறலில் நின்றாள். மற்ற பெற்றோர்களும் வந்து சேர்ந்துகொண்டிருந்தார்கள். அவளைப் பார்த்து யாரோ ஏதோ சொல்ல, சில தலைகள் திரும்பின. ‘மேடம் ஸ்டாப்’ எங்கேயாவது மறைந்துகொள்ள ஒரு மரத்தைத் தேடினாள்.

வெளிச்சம் மங்கும் நேரத்தில் பாலத்துப் பக்கமிருந்து விசில் சத்தம் கேட்டது. ஒரு பொம்பா ஆள் லோஷினியை முதுகில் சுமந்துகொண்டு வந்தார். பம்பு கொட்டகைக்குள், இயந்திரத்துக்குப் பின்னால் ஒண்டியிருந்திருக்கிறாள். முட்டியில் சிராய்ப்பு, உதடு நீலம், வேறொன்றுமில்லை. லோகேஸ்வரி ஓடிப்போய்ப் பிள்ளையை வாங்கி, அப்படியே ஈரத்தில் உட்கார்ந்துவிட்டாள். அப்போதுதான் அழுதாள்.

மருத்துவ உதவியாளர் பரிசோதித்து முடித்து, ஈரத் துணியை மாற்றிச் சூடாக வைத்திருக்கச் சொன்னார். லோஷினியின் பை ஆற்றோடு போய்விட்டது. துண்டுகளெல்லாம் மற்ற பிள்ளைகள் மேல். ரமணி காருக்கு ஓடினாள். பின்சீட்டில் போன ஞாயிற்றுக்கிழமை வீசிவைத்த பொன்னாடைதான் இருந்தது. காய்ந்த துணி என்று அது ஒன்றுதான். கொண்டுவந்து நீட்டினாள். லோகேஸ்வரி அவள் முகத்தைப் பார்க்காமல் வாங்கி, சரிகை உள்ளே போகாதபடி திருப்பி, பிள்ளையைச் சுற்றினாள்.

மன்றத்துப் பேருந்து நிறைந்து போய்விட்டது. திரும்பிப் போக ரமணியின் காரைவிட்டால் வேறு வண்டி இல்லை. லோகேஸ்வரி பிள்ளையோடு பின்சீட்டில் ஏறினாள். முன்சீட்டு காலியாகவே வந்தது. காஜாங் தாண்டும்போது லோஷினிக்கு உடம்பு சூடேறி வாய் திறந்தது.

“ஆன்டி, பிரியா காய்ச்சல் எப்படி இருக்கு?”

ரமணி கண்ணாடியில் லோகேஸ்வரியின் கண்ணைப் பார்த்தாள். லோகேஸ்வரி ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டே, “சரியாப் போச்சாம்மா” என்றாள்.

“அவ வராததே நல்லது ஆன்டி. அவளுக்குத் தண்ணின்னா ரொம்பப் பயம். அழுதிருப்பா” என்று லோஷினி சொல்லிவிட்டு, அம்மா தோளில் சாய்ந்து தூங்கிப்போனாள்.

அதற்குப் பிறகு கிள்ளான் வரும்வரை ரமணிக்குச் சாலை கலங்கலாகத்தான் தெரிந்தது. தன்னைக் காட்டிக்கொடுக்க எல்லா உரிமையும் உள்ளவள், ஒரு பிள்ளை முன்னால் தன் மானத்தை மூடிவிட்டாளே என்று நினைக்க நினைக்க உடம்பு கூசியது.

பிளாட்டு வாசலில் லோகேஸ்வரி பிள்ளையை எழுப்பி இறக்கினாள். பொன்னாடையைப் பிள்ளை மேலிருந்து எடுத்து, மூலைக்கு மூலை வைத்து, கடையில் மடிப்பதுபோல மடித்து, பின்சீட்டில் வைத்தாள்.

“லோகா...” என்றாள் ரமணி.

“அன்னிக்கு நான் கேட்டேன் மேடம்” என்றாள் லோகேஸ்வரி. மதியம் வரைக்கும் ‘அக்கா’ என்று கூப்பிட்டவள். “எல்லாரும் சிரிச்சாங்க. இருந்தாலும் நின்னு கேட்டேன். கேள்வி கேக்காம எம்புள்ளைய நான் அனுப்பல.” கதவைச் சத்தமில்லாமல் சாத்திவிட்டு, பிள்ளையைத் தாங்கிக்கொண்டு படியேறினாள்.

வீட்டுக்கு வந்து காரை நிறுத்தியபோதுதான் ரமணி முன்னால் இருந்த பிளாஸ்டிக் பையைக் கவனித்தாள். எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். பிரியா வாசலிலேயே காத்திருந்தாள்.

“லோஷினி?”

“கெடச்சிட்டா. நல்லா இருக்கா.”

பிரியா அழுதாள். அழுது முடித்து, மூக்கைத் துடைத்துக்கொண்டு, அம்மா கையிலிருந்த பையைத் திறந்து பார்த்தாள். “என்னம்மா இது?”

“பப்பாளி எல. லோஷினி அம்மா பறிச்சது. ஒன் காய்ச்சலுக்கு.”

“எனக்குக் காய்ச்சல் இல்லன்னு அவங்களுக்குத் தெரியாதா?”

“தெரியும்.”

“தெரிஞ்சுமா குடுத்தாங்க?”

“இல்லம்மா” என்றாள் ரமணி. “தெரியறதுக்கு முன்னாடி பறிச்சது.”